தூசு படிந்த குமிழ்

வழிப்போக்கர் இளைப்பாறும் சத்திரத்தைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் சுங்குவார்சத்திரம். சுற்றிலும் தொழிற்சாலைகள் பெருகிய பின், இங்கே உறக்கத்திற்கென்று ஒரு நேரம் இல்லை. இரவுப் பணி முடித்துத் திரும்புவோருக்குக் காலை எட்டு மணிதான் நள்ளிரவு.

அத்தகைய இல்லம் ஒன்றைச் சந்திக்க அண்மையில் நாம் சென்றபோது, வாசலிலேயே வாக்குவாதம் கேட்டது.

"சத்தத்தைக் குறைக்கத்தான் திருகினேன் சாமி. அது கத்துகிறது. நான் என்ன செய்வேன்?" என்றார் எழுபது வயதைக் கடந்த தந்தை.

"காது கேட்கவில்லை என்று கூட்டி வைத்துவிட்டு, பழியைப் பெட்டிமேல் போடுகிறார் ஃபாதர்" என்றான் கண் சிவந்திருந்த மகன். இன்னொரு முறை அலறினால் வானொலியைத் தெருவில் எறிந்துவிடுவதாகவும் சொன்னான். மனைவியை இழந்த அப்பெரியவருக்கு அவ்வானொலியே பேச்சுத் துணை.

உண்மையைச் சொன்னால், நாமும் மனத்துக்குள் மகன் பக்கமே சாய்ந்தோம்.

குருமட நாட்களில் வானொலிகளைக் கழற்றிப் பூட்டிய பழக்கம் நமக்கு உண்டு. அடுத்த ஞாயிறு, மகனின் ஓய்வு நாளில், அவனையே பெட்டியுடன் வரவழைத்தோம். "நீயே குறைத்துப் பார், தம்பி" என்றோம். அவன் இடப்பக்கம் திருகினான். திரையில் ஒன்பது பத்தாயிற்று. பின் பதினான்குக்குத் தாவிற்று. தம்பி ஒன்றும் பேசவில்லை.

1938-இல் சென்னை வானொலி நிலையம் தோன்றிய காலத்துப் பெட்டிகளிலும், பின்வந்த டிரான்சிஸ்டர்களிலும், குமிழின் உள்ளே கரிப்பூச்சுப் பாதை ஒன்றிருக்கும். அதன்மேல் ஒரு முனை நகர, ஒலி ஏறும், இறங்கும். பழுதானால் கரகரக்கும். இந்த எண்முறைப் பெட்டியிலோ குமிழ் ஒலியைத் தொடுவதே இல்லை. முடிவிடம் இன்றிச் சுழலும் 'என்கோடர்' என்னும் உறுப்பு அது. அதனுள் இரு தொடுமுனைகள் சேர்ந்து பிரிந்து துடிப்புகளை அனுப்புகின்றன. எம்முனை முந்திற்று என்பதைக் கொண்டே, கூட்டுவதா குறைப்பதா என்று உள்ளிருக்கும் சிப் அறிகிறது. முனைகளில் தூசோ களிம்போ படிந்தால் துடிப்புகள் தவறும். குறைக்கச் சொன்னது கூட்டச் சொன்னதாகிவிடும்.

மின்னிணைப்பைப் பிடுங்கி, பேட்டரிகளையும் எடுத்தோம். குமிழை நேராக இழுத்துக் கழற்றி, தண்டின் இடுக்கில் மின்பொருள் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு பீய்ச்சினோம். தேங்காயெண்ணெய் விடலாகாது, அது தூசை மேலும் சேர்க்கும். தண்டை இருபுறமும் முப்பது முறை சுழற்றச் சொன்னோம். நன்றாக உலர்ந்த பிறகே இணைப்புக் கொடுத்தோம். எண்கள் ஒவ்வொன்றாக ஏறின, ஒவ்வொன்றாக இறங்கின. இதற்கும் மசியாவிடில் என்கோடரையே மாற்றிப் பற்றவைக்க வேண்டும். அதைத் தொழில் தெரிந்தவரிடம் விடுவதே நன்று.

"அப்பா பொய் சொல்லவில்லை" என்றான் தம்பி, தனக்குத்தானே சொல்வதுபோல.

பெட்டியை அவனே சுமந்து சென்று தந்தையின் கட்டிலருகே வைத்தான். பெரியவர் மெல்லத் திருகி ஆறில் நிறுத்தி, "இவ்வளவு போதுமா?" என்று மகனைக் கேட்டார். "இன்னும் இரண்டு கூட்டிக்கொள்ளுங்கள், அப்பா" என்றான் அவன்.

குடும்பங்களில் இப்படி எத்தனை முறை, கேட்டுப் பாராமலே தீர்ப்பிடுகிறோம்! அன்று துடைக்கப்பட்டது குமிழின் தூசு மட்டுமன்று. நம் உள்ளத்தின் தூசும்தான்.