எம் என்றால் இளப்பமா?

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம், புதிதாக வந்த பையன் பேனல் தாளை என் மேசைமேல் தள்ளினான். "ஆன்டி-எம்தான் சார், சும்மா தொந்தரவு. ஒரு பை மேட்ச் ஆகிடுச்சு, கொடுத்துடலாமா?" முப்பத்தொரு வருஷம் பிளட் பேங்கில் டியூப் ஆட்டிய எனக்குச் சுருக்கென்றது.

பாதி சரிதான். ஆன்டி-எம், அதாவது சிவப்பணுவின் எம் அடையாளத்துக்கு எதிரான ஆன்டிபாடி, பெரும்பாலும் குளிரில் துள்ளும், உடல் சூட்டில் அடங்கிவிடும். அடங்கினால் நானும் கவலைப்படாமல் ரத்தம் கொடுத்திருக்கிறேன். ஆனால் அடங்கியதா என்று பார்த்த பிறகு.

பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் என் சீனியர். 1993-இல் ஒரு ஏ குரூப் நோயாளி. ரிவர்ஸ் குரூப்பிங்கில் அவர் சீரத்தோடு ஏ1 செல் திரண்டது. ஏ2 ஆள், ஆன்டி-ஏ1 என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். "மூடு தம்பி. ஏ1 லெக்டின் போட்டியா?" போட்டேன். நோயாளியின் செல் பளிச்சென்று திரண்டது. ஆள் ஏ1, அவருக்கு ஏது ஆன்டி-ஏ1? சீனியர் ஒன்றும் பேசாமல் சட்டைக் கையை மடித்து, தன் கையிலிருந்து ரெண்டு மில்லி எடுக்கச் சொன்னார். அவரும் ஏ1; ஆனால் என்என், அதாவது எம் இல்லாதவர். அவர் செல்லோடு அந்த சீரம் துளிகூடத் திரளவில்லை. பிறகு ஸ்டாஃப் ஐந்தாறு பேரின் ஓ செல். ஒன்றில் நாலு பிளஸ், கட்டியாக. இன்னொன்றில் லென்ஸ் வைத்தால்தான் மணல் தெரிந்தது. முதல் ஆள் எம்எம், எம் இரட்டைப் பங்கு; அடுத்தவர் எம்என், ஒற்றைப் பங்கு. அப்படியானால் இது ஆன்டி-எம். பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பெயினில் செல்லை ஊறவைத்தார். மொத்தமும் காணாமல் போனது. செல்லின் மேலிருக்கும் கிளைக்கோஃபோரின் ஏ என்ற புரதத்தின் நுனியைப் பப்பெயின் வெட்டிவிடுகிறது. அந்த நுனியில்தான் முதலாவது, ஐந்தாவது அமினோ அமிலங்கள் செரின், கிளைசினாக இருந்தால் எம். லூசின், குளூட்டாமிக் அமிலமாக இருந்தால் என். 1927-இல் லேண்ட்ஸ்டைனரும் லெவினும் முயலுக்கு மனித ரத்தம் ஏற்றிப் பிடித்த வித்தியாசம், இரண்டே அமினோ அமிலம். அன்று சீனியர் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை.

இன்று நாலு பேர் ஓ செல்லை ஒன்றாகக் கலந்து ஸ்க்ரீனிங் என்கிறார்கள். அதில் ஒரே ஒரு எம்எம் ஆள் இருந்தால், பலவீனமான ஆன்டிபாடி எங்கே தெரியும்? எம், என் குடும்பத்தையே சேர்ந்த கேப்பிடல் எஸ், ஸ்மால் எஸ் ஆன்டிசீரம் வாங்கக் கேட்டால் செலவு என்கிறார்கள். அவற்றுக்கான ஆன்டிபாடிகள் பெரும்பாலும் வெறும் குளிர் சமாச்சாரம் அல்ல; ஏற்றிய செல்லை அழிக்கக்கூடியவை. எம்முக்கான ஐஜிஜி கூட அபூர்வமாகக் கருவின் ரத்த உற்பத்தியையே அடக்கும். காமாலை பெரிதாகத் தெரியாது, குழந்தை வெளுத்துப் பிறக்கும். இதைத் தொந்தரவு என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

பையனை வாட்டர் பாத்துக்குக் கூட்டிப்போனேன். எல்லாமே முப்பத்தேழு டிகிரியில், பிறகு கூம்ப்ஸ் டெஸ்ட். எம்எம் செல்லில் ரெண்டு பிளஸ் நின்றது. எம்என் செல்லில் ஒன்றுமில்லை. "இப்போ நீ மேட்ச் பண்ணின பையை ஆன்டி-எம் போட்டுப் பாருப்பா" என்றேன். போட்டான். திரண்டது. எம்என் பை, அதனால்தான் மேட்ச் ஆகியிருக்கிறது.

பையைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தான். இருவருமாக உட்கார்ந்து பதினான்கு பையை டைப் செய்தோம். எம் இல்லாதது இரண்டு தேறியது.