ஏனுங்ணா, அந்த மெஷின் கொஞ்சம் குடுங்க

ஆவாரம்பாளையம், கணபதி பக்கம் இருக்கறவங்களுக்கு இது புதுசில்ல. வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஷெட். உள்ளே டிரில்லிங் மெஷின், ஏஜி4, வெல்டிங் செட். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேக்கறார், குடுக்கலாமா?

நான் அரசு மருத்துவமனை கேசுவால்டியில நின்னு இதைப் பாக்கறவன். அதனால பதில் கொஞ்சம் கறாரா இருக்கும்.

பட்டறைக்குள்ள ஆளை விடறது நல்லதுதாங்க. 1937ல ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செஞ்ச ஊரு இது. பக்கத்துல நின்னு பாத்தே தொழில் கத்துக்கிட்டவங்க இங்க எத்தனையோ பேர். ஆனா வந்து பாக்க விடறது வேற, மெஷினைக் கையில குடுத்தனுப்பறது வேற.

ஏஜி4ஐ எடுத்துக்குங்க. நாலு இஞ்ச் டிஸ்க், நிமிஷத்துக்கு சுமார் 11,000 சுத்து. கணக்குப் போட்டா டிஸ்க் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்துல போகுது. வாங்கிட்டுப் போறவர் முதல்ல கார்டைக் கழட்டுவார். அப்புறம் மரம் அறுக்கற பல் பிளேடை மாட்டுவார். பல்லு கட்டையில சிக்குனா மெஷின் திருப்பி அடிக்கும். கை, தொடை, சில நேரம் கழுத்து. இதை மட்டும் யாருக்கும் குடுக்காதீங்க. "கொண்டாங்க, நானே அறுத்துத் தர்றேன்"னு சொல்லிருங்க.

டிரில்லிங் மெஷின்ல கையுறை வேண்டாம். பாதுகாப்புன்னு நினைச்சுப் போடுவாங்க, பிட்டு அந்தத் துணியைச் சுத்தி விரலையும் சேத்து இழுத்துரும்.

வெல்டிங் வைக்கும்போது வேடிக்கை பாக்கற பசங்களைத் துரத்துங்க. அப்ப ஒண்ணும் தெரியாது. ராத்திரி கண்ணுல மண்ணள்ளிப் போட்ட மாதிரி எரிச்சலோட அழுவாங்க.

இரும்புப் பொடி கண்ணுல விழுந்தா ஊசி, துணி முனையால எடுத்து விடற "எக்ஸ்பர்ட்" அண்ணன் ஒருத்தர் எல்லாப் பட்டறையிலயும் இருப்பார். அவர்கிட்ட கண்ணைக் காட்டாதீங்க. கருவிழியில துருப் பிடிக்கும், புண்ணாகும். அன்னைக்கே கண் டாக்டரைப் பாருங்க.

விரல் துண்டாயிருச்சா? ஈரமான சுத்தத் துணியில சுத்தி, பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல வைங்க. விரலை நேரா ஐஸ்ல போட்டா கெட்டுப்போகும். காயத்தை அழுத்திப் பிடிச்சுட்டு 108க்குக் கூப்பிடுங்க.

இன்னொன்னு. இ.எஸ்.ஐ. இருக்கற கம்பெனியில கை போனா அது கை குடுக்கும். உங்க ஷெட்ல போனா? செலவு யாருதுன்னு ரெண்டு வீடும் முறைச்சுக்கிட்டு வார்டு வாசல்ல நிக்கறதை நான் பாத்திருக்கேன். பல வருஷப் பழக்கம், ஒரே மத்தியானத்துல போயிருச்சு.

நீங்க கூட நின்னா கேட்டைத் திறங்க. கண்ணாடி ரெண்டு ஜோடி வாங்கி ஆணியில மாட்டி வைங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சரக்கு வாசத்தோட யாராச்சும் வந்தா மட்டும், "மெஷின் ரிப்பேருங்க"ன்னு பொய் சொல்லிருங்க.