தாத்தாவுக்கு சாமி வரலை!

ஆடிக் கிருத்திகை அன்னிக்கு திருத்தணியில நின்னு பார்த்திருக்கீங்களா பாஸ்? ஊரே மஞ்சளா இருக்கும். காவடி, பம்பை சத்தம், வியர்வை, அரோகரா... அந்தக் கூட்டத்துல எங்க தாத்தா பொத்துனு விழுந்தார்.

மொட்டை போட்டுக்கத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். 'ஆச்சு பெரியவரே'ன்னு குரல் வந்ததும் சட்டென்று எழுந்தார். இரண்டு அடி வைத்தார். கண் மேலே சொருகியது, அப்படியே சரிந்தார். 'சாமி வந்திருக்கு... அரோகரா!'ன்னு யாரோ கத்த, ஒரு பாட்டி விபூதியை அள்ளி நெற்றியில் பூச... நானும் ஒரு விநாடி கையெடுத்துக் கும்பிட்டுட்டேன். சத்தியமா!

நல்லவேளை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த ஒரு நர்ஸ் அக்கா அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, காலை மட்டும் என் காலேஜ் பேக் மேல் தூக்கி வைத்தார். ஒரு நிமிஷத்தில் தாத்தா கண்ணைத் திறந்து, "என்னடா, படியேறிட்டமா?" என்றார். 365 படி, வருஷத்தில் நாளுக்கு ஒரு படி கணக்கு. வண்டிப் பாதை இருந்தும், விரதத்தோடு காலையில் அத்தனையும் ஏறி வந்தவர் அவர்தான். அதுகூட ஞாபகம் இல்லை!

அன்று சாயங்காலம் டாக்டரிடம் போனோம். படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்தார். நிற்கும்போது மேல் அளவு 30 பாயின்ட் இறங்கியிருந்தது. 20 இறங்கினாலே கவனிக்கணுமாம். "தம்பி, தாத்தா என்னென்ன மாத்திரை சாப்பிடுறார்?"

"பி.பி. மாத்திரை மட்டும்தான் டாக்டர்" என்றேன் கெத்தாக. தாத்தா மெதுவாக வேட்டி மடிப்பிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்தார். நானும் அம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

விஷயம் இதுதான். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போவது, போனாலும் சொட்டு சொட்டாக வருவது... புராஸ்டேட் வீக்கம். வயசான ஆண்களில் பாதிப் பேருக்கு மேல் வர்றதுதான். ஆனா அதை மருமகள்கிட்ட, பேரன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு வெட்கம். திருத்தணியில் டாக்டரைப் பார்த்தால் ஊருக்கே தெரிஞ்சிடும்னு பயம். 'நகரியில ஒரு நெசவுக்காரரைப் பார்க்கணும்'னு பஸ் ஏறி, எல்லை தாண்டி ஆந்திராவுல ஒரு டாக்டரைப் பார்த்திருக்கார். அந்த டாக்டருக்கு பி.பி. மாத்திரை பற்றித் தெரியாது. இங்கே பி.பி. பார்க்கிறவருக்கு அது தெரியாது. எங்களுக்கு எதுவுமே தெரியாது.

அட்டைகளைத் திருப்பிப் பார்த்தோம். பிராண்ட் பேர் வேற வேற. உள்ளே இருந்த மருந்து ஒன்று பிரசோசின், இன்னொன்று டாம்சுலோசின். ரெண்டுமே ஆல்ஃபா பிளாக்கர். ஒரே குடும்பம்!

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வெச்சவன் சொல்றேன், கேளுங்க. ரத்தக் குழாய்ச் சுவரிலும், புராஸ்டேட், சிறுநீர்ப்பை வாய்ப் பகுதியிலும் இருக்கிற தசைகளை 'இறுகு'ன்னு உத்தரவு போடுற இடங்களுக்கு ஆல்ஃபா ரிசப்டார்னு பேர். மாத்திரை அதை அடைச்சிடும். தசை தளரும். குழாயின் ரேடியஸ் டபுள் ஆனால் ஃப்ளோ 16 மடங்கு என்று படித்தோமே (நான் படிக்கலை), அதனால் கொஞ்சம் தளர்ந்தாலே சிறுநீர் நல்லா போகும். ஆனா நாம எழுந்து நிற்கும்போது அரை லிட்டர் ரத்தம் காலுக்கு இறங்குது. அப்போ கால் குழாய்கள் இறுகினால்தான் மூளைக்கு ரத்தம் போகும். அந்த இறுக்கத்தையும் மாத்திரை தடுக்குது. ரெண்டு மாத்திரை, விரதம், வெயில், தண்ணி குடிக்கலை, குனிஞ்சு இருந்து சட்டுனு எழுந்தது... விழாம என்ன பண்ணுவார்?

டாம்சுலோசினை சாப்பாட்டுக்குப் பிறகுதான் போடணும். காலி வயிற்றில் போட்டால் ரத்தத்தில் மருந்து அதிகமா ஏறும். தாத்தா அன்று காலையில் பட்டினியோடு அதைப் போட்டுவிட்டுத்தான் படியேறியிருக்கார்.

பிரசோசின் மாதிரி மருந்துகளில் முதல் டோஸ்தான் வில்லன். அதனால்தான் சின்ன அளவில், படுக்கப் போகும்போது ஆரம்பிப்பாங்க. சில நாள் விட்டுட்டு மறுபடி பழைய அளவிலேயே போட்டாலும் அதே மயக்கம் வரலாம், டாக்டரைக் கேட்டுட்டுத்தான் தொடங்கணும். 'பி.பி.க்கு இதுதான் பெஸ்ட்'னும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1994-ல் தொடங்கிய ஆல்ஹாட் ஆய்வில், டாக்சசோசின் என்ற ஆல்ஃபா பிளாக்கர் கொடுத்த குழுவை மட்டும் 2000-லேயே நிறுத்தினாங்க. சாதாரண நீர் மாத்திரை சாப்பிட்டவங்களைவிட அவங்களுக்கு இதயச் செயலிழப்பு இரண்டு மடங்கு வந்தது. அதனால் பி.பி.க்கு இதை முதல் மருந்தா கொடுப்பதில்லை, மற்றவை போதாதபோது சேர்க்கிறாங்க.

டாக்டர் பிரசோசினை நிறுத்தி வேற பி.பி. மருந்து எழுதினார். (அதை அவர்தான் செய்யணும். நாமளா எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.) கிளம்பும்போது அம்மா, "கண்புரை ஆபரேஷனுக்கும் தேதி வாங்கியிருக்கு டாக்டர்" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த மருந்து கண்ணின் கருவிழித் திரையையும் தளர்த்துமாம். ஆபரேஷன் நடுவில் அது தொளதொளன்னு அலைபாயும். 2005-ல்தான் இதைக் கண்டுபிடிச்சு எழுதினாங்க. முன்கூட்டித் தெரிந்தால் கண் டாக்டர் அதற்கேற்ப சமாளிப்பார். மாத்திரையை எப்பவோ நிறுத்தியிருந்தாலும் சொல்லணும்.

அப்புறம், மூக்கடைப்புக்கு நாம கடையில் கேட்டு வாங்கிட்டு வர்ற சில மாத்திரைகள் சிறுநீரை மொத்தமாவே அடைச்சிடும். வயாகரா வகை மாத்திரையோடு சேர்ந்தால் பிரஷர் தடால்னு இறங்கும். இதைச் சொல்லும்போது டாக்டர் தாத்தாவைப் பார்க்க, தாத்தா காலண்டரைப் பார்க்க, நான் ஃபேனைப் பார்த்தேன்.

இப்போ ராத்திரி எழுந்தால் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, ஆறு தடவை 'முருகா' சொல்லிவிட்டுத்தான் நிற்கிறார். ரெண்டு அட்டையையும் என் செல்போனில் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதலில் அதைத்தான் காட்டுறோம்.

இதை எழுதுறேன்னு சொன்னதும் தாத்தா பதறிட்டார். "டேய், எனக்கு ஒண்ணுக்குப் பிரச்னைன்னு பத்திரிகையில போடப் போறியா?"

"பேர் போட மாட்டேன் தாத்தா."

கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி... 365 படியும் ஏறினேன்கிறதை மட்டும் மறக்காம போடு."