ராச்சோலின் சுண்ணாம்பு

கோவாவில் மட்காவிலிருந்து ராச்சோலுக்குப் போனால் முதலில் வருவது பழைய கோட்டையின் வாசல். அந்தக் கோட்டையில் சொல்லும்படியாக மிஞ்சியது அவ்வளவுதான். அதைத் தாண்டி மேட்டின் மேல் வெள்ளைவெளேரென்று நிற்கிறது குருமடம். 1606-இல் இயேசு சபையினர் அடிக்கல் நாட்டிய கட்டடம் அது. இரண்டுக்கும் ஒரே வகைக் கல், ஒரே மழை. கோட்டை போய்விட்டது, குருமடத்தில் இன்றும் மாணவர்கள் குருத்துவத்துக்குப் படிக்கிறார்கள். பழைய கட்டடங்களின் சுண்ணாம்பு வேலையே என் தொழில் என்பதால், இங்கே வந்தால் முகப்பையும் ஓவியங்களையும் பார்ப்பதற்கு முன் என் கை சுவருக்குத்தான் போகும்.

அந்த வெள்ளைக்குள் இருப்பது செம்பராங்கல். நம் புதுக்கோட்டைப் பக்கமும் கிடைக்கிற கல்தான். பூமியிலிருந்து வெட்டும்போது கோடரிக்கு இணங்கும். காற்றுப்பட்டு உலர உலர இறுகும். ஆனால் உடம்பெல்லாம் துளை. கோவாக் கடற்கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கிட்டத்தட்ட 3000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. பூச்சில்லாத செம்பராங்கல் அத்தனை நீரையும் உறிஞ்சும், வெயிலில் விடும், மறுபடி உறிஞ்சும். ஒவ்வொரு முறையும் களிமண் பகுதி கொஞ்சம் கரைந்து ஓடும். கல் உள்ளிருந்தே பொடியாகிக்கொண்டு வரும்.

இது ஏட்டில் படித்த பயமல்ல. பழைய கோவாவின் போம் ஜேசு பேராலயத்தைப் போய்ப் பாருங்கள். புனித சவேரியாரின் உடல் இருக்கும் அந்தக் கோயிலும் ஒரு காலத்தில் வெள்ளைப் பூச்சோடுதான் இருந்தது. 1950-களில் சீரமைப்பு என்ற பெயரில் காரையை உரித்துவிட்டார்கள். இன்று பயணிகள் அந்தச் செம்மையையே பழமை என்று நம்பிப் படமெடுக்கிறார்கள். எனக்கு அது தோலுரித்த உடம்பாகத்தான் தெரிகிறது. கல் அரித்துக் குழிவிழுந்த இடங்களைக் கண்ணாலேயே எண்ணலாம். மறுபடி பூசவேண்டும் என்று ஒரு தரப்பும், மக்கள் மனத்தில் பதிந்த தோற்றத்தை மாற்றக் கூடாது என்று மறு தரப்பும் வாதிடுகின்றன. நான் பூசச் சொல்கிற பக்கம், எந்தத் தயக்கமும் இல்லாமல்.

ராச்சோலின் திட்டம் எளியது. நடுவில் பெரிய முற்றம், சுற்றிலும் இரண்டு அடுக்கில் நீண்ட நடைகள், அவற்றை ஒட்டி அறைகள், ஒரு பக்கம் புனித இஞ்ஞாசியார் கோயில். நடைகள் குருமாணவர் நடந்து செபிக்க மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. அறைச் சுவரில் சாரல் படாமல் தடுப்பவை அவையே. முற்றம் வெளிச்சத்தோடு காற்றையும் இறக்குகிறது. மழை ஓய்ந்ததும் சுவர்கள் உலர்வது அந்தக் காற்றால். முற்றத்தின் அடியில் பெரிய நீர்த்தொட்டி ஒன்று இருக்கிறது. முன்பு இங்கிருந்த சிவன் கோயிலுக்கு உரியது அது என்று சொல்லும் வழக்கும் உண்டு. நீர் எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று இவ்வளவு தெளிவாக வகுத்த வீட்டை நான் அதிகம் கண்டதில்லை.

1616-இல் தாமஸ் ஸ்டீபன்ஸ் அடிகளின் கிறிஸ்தபுராணம் என்ற நூல் அச்சேறியது ராச்சோலில்தான். காகிதமும் பழைய நூலகமும் உள்ள வீட்டில் ஓதம் ஏறினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. 1759-இல் போர்ச்சுகல் அரசு இயேசு சபையினரை வெளியேற்றியது. மூன்றாண்டுகளில் இது மறைமாவட்டக் குருமடமானது. கை மாறியதே தவிர, வீடு நெடுநாள் பூட்டிக் கிடக்கவில்லை. ஆள் குடியிருக்கும் வீட்டில்தான் ஒழுகும் ஓட்டை யாராவது மாற்றுவார்கள், யாராவது வெள்ளையடிப்பார்கள். கோட்டைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கடலோரக் கோவாவில் சுண்ணாம்பு என்றால் பெரும்பாலும் கிளிஞ்சல் சுண்ணாம்பு. சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்துப் பூசினால் அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று மறுபடி கல்லாகிறது. அவசரப்படுத்த முடியாத வேலை. நம் ஊரில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சேர்ப்போம். ஊருக்கு ஊர் கைப்பக்குவம் மாறும், அடிப்படை மாறாது. சுண்ணாம்புக் காரைக்கும் நுண்துளை உண்டு. சுவருக்குள் போன ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். சிமெண்டுக்கு அந்த இளக்கம் கிடையாது. மேலே கெட்டியாக நிற்கும். உள்ளே அடைபட்ட ஈரம் உப்பைக் கரைத்து வைத்திருக்கும். உலரும்போது அந்த உப்பு கல்லுக்குள்ளேயே பூத்து அதை உடைக்கும். ஒருநாள் பூச்சு பலகை பலகையாக விழும்போது கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். பிளாஸ்டிக் பெயிண்டும் செய்வது இதையேதான். பழைய குருமடங்களைப் பராமரிக்கும் அருள்தந்தையர் என்னிடம் ஆலோசனை கேட்டால் நான் முதலில் கேட்பது, சிமெண்டு மூட்டை வளாகத்துக்குள் வந்துவிட்டதா என்றுதான்.

இத்தகைய சுவரில் கைவைக்கும் முறை இது. மழை முடிந்து சுவர் உலர நவம்பர் ஆகிவிடும். அப்போது விரல் முட்டியால் காரையைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்றால் விட்டுவிடலாம். பொள்ளென்றால் காரை கல்லை விட்டுவிட்டது என்று பொருள். அந்த இடத்தை மட்டும் கல் தெரியும்வரை எடுத்து, தூசி போகக் கழுவி, கல் குடிக்கிற மட்டும் தண்ணீர் காட்டி, மெல்லிய படைகளாகக் காரை ஏற்ற வேண்டும். ஒரு படை இறுகுமுன் அடுத்தது கூடாது. நேர்வெயில் படாமல் ஈரச் சாக்கு தொங்கவிட வேண்டும். அதன் பிறகு பால்போல் நீர்த்த சுண்ணாம்பை, ஒரே தடவையில் தடிப்பாக அல்லாமல், பலமுறை மட்டை கொண்டு அடிக்க வேண்டும். இதெல்லாம் மார்ச்சுக்குள் முடிந்தால்தான் ஜூன் மழைக்குமுன் சுண்ணாம்பு இறுகக் காலம் கிடைக்கும்.