எல்லாருக்கும் ஒரே பாட்டிலா?

"இவங்கதான் சென்ட் அடிக்கிற அக்கா" என்று ஒரு மகப்பேறு மருத்துவர் என்னை அறிமுகப்படுத்தினார், அதுவும் என்னிடம் வந்துகொண்டிருந்த பெண்ணின் முன்னாலேயே. அப்போது சிரித்துவிட்டு வந்தேன். மாதவிலக்குத் தொல்லைகளுக்கு நறுமண எண்ணெய் கலந்து கொடுத்துக்கொண்டிருந்த என் கோவை அறையை மூடி வீட்டோடு இருக்கும் இந்த நாட்களில் அதைவிட அதிகமாக உறுத்துவது வேறொன்று. என்னிடம் தொழில் பழகிய பிள்ளைகளே இன்று 'பீரியட்ஸ் ரோல்-ஆன்' என்று ஒரே கலவையை ஆயிரம் பேருக்கு விற்கிறார்கள். மணிக்கட்டில் தடவு, தொப்புளில் ஒரு சொட்டு விடு, எல்லாம் சரியாகிவிடும் என்று வீடியோ வேறு போடுகிறார்கள்.

மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் (பிந்தைய லூட்டியல் நாட்கள்) லினலைல் அசிடேட் என்ற மணப்பொருள் மிகுந்த எண்ணெய் கைகொடுக்கும் என்பது எங்கள் தொழில் அனுபவம். லாவெண்டர், கிளாரி சேஜ், பெர்கமாட் மூன்றையும் அதற்காகத்தான் எடுக்கிறோம். ஆனால் எந்த லாவெண்டர் என்று கேட்டால் பிள்ளைகள் விழிக்கிறார்கள். சந்தையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் லாவண்டின் என்ற கலப்பினம். அதில் கற்பூரம் பல மடங்கு அதிகம். அசல் லாவெண்டரில் அது ஒரு சதவீதத்தைத் தாண்டினாலே எனக்குச் சந்தேகம் வரும். தூக்கம் வராமல் தவிக்கிறவளுக்குக் கற்பூர நெடியையா கொடுப்பது? அதைவிட மோசம், செயற்கை லினலைல் அசிடேட்டைக் கலந்து விற்பது. திறந்து மாதக்கணக்கில் வெயில் பட்ட பாட்டிலும் ஆகாது. லாவெண்டரில் உள்ள லினலூல் காற்றுப் பட்டு ஆக்ஸிஜனேற்றம் அடைந்து தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும்.

இதையெல்லாம் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். புத்தகத்தில் கற்க முடியாதது மூக்கு. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் கோத்தகிரிப் பக்கம் தைலம் காய்ச்சும் கொட்டகை வைத்திருந்த ஒரு பெரியவர். கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையை வாயில் மென்று பார்த்தே அன்றைய காய்ச்சலில் எவ்வளவு தைலம் இறங்கும் என்று சொல்லிவிடுவார். முதல் மழைக்காலம் முழுவதும் என்னை ஒரு பாட்டிலைத் தொட விடவில்லை. காகிதப் பட்டையில் ஒரு சொட்டு விட்டு, உடனே ஒரு தரம், சோறு தின்ற பிறகு ஒரு தரம், மறுநாள் காலையில் ஒரு தரம் முகரச் சொல்லுவார். மூன்றும் மூன்று மணம். "முதல்ல வர்றதுக்கு மயங்காத அம்மணி, கடைசில நிக்கிறதுதான் தைலம்" என்பார்.

அவர் மாதவிலக்குப் பக்கமே பேசாதவர். ஆனாலும் இந்தத் தொழிலின் பெரிய சிக்கலை அவிழ்க்க அவர் சொன்னதுதான் எனக்கு உதவியது. மாதத்தின் நடுவில் வந்து ஜெரேனியத்தை மோந்து "அய்யோ, ரோஜா மாதிரி இருக்கு" என்று மகிழ்ந்த பெண், தேதி நெருங்கும்போது அதே பட்டையைத் தள்ளிவிடுவாள். மைக்ரேன் உள்ளவர்களுக்கு இது இன்னும் கடுமை. தலையில் வைத்த மல்லிகையே குமட்டும். போன வாரம் பிடித்ததை நம்பிக் கலவை போட்டால் அது வீண். அதனால் நான் தேதிக்குப் பக்கத்தில்தான் வரச் சொல்வேன். பெயர் சொல்லாமல் பட்டைகளை ஒவ்வொன்றாக நீட்டுவேன். "அவங்க வாயால சொல்றதக் கேக்காத, நெஞ்சு ஏறி எறங்குறதப் பாரு" என்பார் பெரியவர். மரியாதைக்காக 'நல்லா இருக்கு' என்பார்கள், ஆனால் மூச்சு மேலேயே நின்றுவிடும். எந்தப் பட்டைக்கு மூச்சு தானாகக் கீழே இறங்குகிறதோ, அந்த ஒன்றைத்தான் எடுப்பேன். அதையும் 30 மில்லி பாதாம் எண்ணெய்க்கு ஆறு சொட்டு, மிஞ்சினால் பன்னிரண்டு. பன்னிரண்டு என்றால் இரண்டு சதவீதம், போதும். ரோல்-ஆனுக்கு யார் மூச்சைப் பார்ப்பது?

இன்னொரு கூத்து, நொச்சி. ஐரோப்பாவில் வைடெக்ஸ் ஆக்னஸ்-காஸ்டஸ் பழத்தின் சாற்று மாத்திரை மாதவிலக்குக்கு முந்தைய தொல்லைகளுக்கு உதவுகிறதா என்று சோதித்து, 2001இல் நல்ல முடிவு வெளியிட்டார்கள். நம் வேலியோர நொச்சியும் வைடெக்ஸ் இனம்தான். ஆனால் வேறு சிற்றினம், அதிலும் நாம் எடுப்பது பழம் இல்லை, இலை. உடனே 'நொச்சி எண்ணெய், ஹார்மோன் சமநிலை' என்று லேபிள் ஒட்டிவிடுகிறார்கள். கிளாரி சேஜில் உள்ள ஸ்க்ளாரியால் ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் என்பதும் இதே ரகக் கதை. இதற்கு மாறாக, மார்பில் மல்லிகை கட்டிப் பால் வற்றச் செய்யும் தென்னிந்திய வழக்கத்தை 1988இல் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு ஆய்வே வெளிவந்தது. அதைப் படித்துவிட்டு நாமும் கேள்வி கேட்டுச் சோதித்தால் அது தொழில். லேபிள் ஒட்டுவது தொழில் இல்லை.

பிள்ளைகள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஜப்பானிய ஆய்வு 2013இல் வந்தது. லாவெண்டரை முகர்ந்த பிறகு மனச்சோர்வும் குழப்பமும் 35 நிமிடம் வரை குறைந்திருந்ததாக அது சொல்கிறது. கலந்துகொண்டவர்கள் 17 பேர், அதுவும் லேசான, நடுத்தரமான தொல்லை உள்ளவர்கள். கடுமையாக வருகிறதே, அது வேறு. மாதாமாதம் உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுவதும், குழந்தையை அடித்துவிட்டு அழுவதும் பிஎம்டிடி (மாதவிலக்குக்கு முந்தைய கடும் மனநிலைக் கோளாறு) என்று 2013 முதல் மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 நூலில் தனி நோயாகவே இருக்கிறது. அதற்கு மனநல மருத்துவரும் மனச்சோர்வுக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரையும் வேண்டும். என் எண்ணெய் அந்தத் தொல்லை உள்ளவளைத் தூங்க வைக்கும், தோளை இளக்கும், அவ்வளவே. அப்படிப்பட்டவளிடம் பாட்டிலை விற்று அனுப்புகிறவரை இந்தத் தொழிலில் சேர்த்துப் பேசாதீர்கள்.

வாங்குகிற பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டு மாதம் தினமும் உங்கள் உடம்பையும் மனசையும் நோட்டில் எழுதுங்கள், மருத்துவரும் அதைத்தான் முதலில் கேட்பார். பாட்டிலில் தாவரத்தின் முழுப் பெயரும் தொகுதி எண்ணும் இல்லாவிட்டால், எண்ணெயில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஜிசி அறிக்கையைக் கேட்டும் தராவிட்டால், அந்தக் கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.