தண்ணீரில் நூற்றுப் பத்து!

'பாஸ்' என்றதும் ஆபீஸில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கடிகாரத்தையும் நம்மையும் மாறி மாறிப் பார்ப்பவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்த பாஸ் ஒரு மீன். வாய் பெரிசு (அந்த விஷயத்தில் இருவரும் ஒன்றுதான்). அமெரிக்காவில் இதைத் தூண்டில் போட்டுப் பிடிப்பது பொழுதுபோக்கு, போட்டி, பிசினஸ் எல்லாமே.

அலபாமா மாநிலத்தில் உள்ள கண்டர்ஸ்வில் ஏரி இந்த மீனுக்குப் பேர்போன இடம். ராக்கெட் ஊரான ஹன்ட்ஸ்வில்லிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். டென்னஸி நதியின் குறுக்கே 1939-ல் முடிந்த அணையால் உண்டான ஏரி. பரப்பு சுமார் 69,000 ஏக்கர், நீளம் சுமார் 75 மைல். 'பாஸ்மாஸ்டர் கிளாசிக்', அதாவது தூண்டில்காரர்களின் வேர்ல்டு கப், 1976, 2014, 2020 என்று மூன்று தடவை இங்கே நடந்திருக்கிறது.

75 மைல் ஏரியில் மீன் எந்த மூலையில் இருக்கிறதோ யார் கண்டது? போட்டி நாளில் சொன்ன நேரத்துக்குத் திரும்பியும் ஆகவேண்டும். அதனால் வேகம். படகு 20 அடி ஃபைபர் கிளாஸ். பின்னால் தொங்குகிற இன்ஜின் 250 குதிரை சக்தி. ஆறேழு மாருதி 800-ஐ ஒன்றாகக் கட்டியது மாதிரி! மணிக்கு 70 மைல் சர்வசாதாரணம். நம் கணக்கில் 112 கிலோமீட்டர். விநாடிக்கு நூறு அடிக்கு மேல். பிரேக் என்ற வஸ்து கிடையாது.

படகுத்துறையில் பழக்கமான பெரியவர் ஒருவர் என்னை ஏற்றிக்கொண்டார். ரிட்டயர் ஆனவர், வேகத்திலிருந்து மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. ஐம்பது மைல் வரை சொகுசு. அறுபதைத் தாண்டியதும் படகு இடது பக்கம் லேசாகச் சாய்ந்தது. அப்புறம் வலது. மறுபடி இடது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவரோ, "நடக்க ஆரம்பிச்சிட்டா!" என்று சிரித்தார்.

இந்த நடைக்கு 'சைன் வாக்' என்று பெயர். படகின் அடிப்பாகம் V வடிவம். நடுவில், பின்பக்கமாக, ஒரு சின்னத் தட்டைப் பட்டை, 'பேட்' என்கிறார்கள். வேகம் ஏற ஏறப் படகு தண்ணீரை விட்டு எழும்பி, கடைசியில் அந்தப் பட்டையில் மட்டும் நிற்கிறது. மதில் மேல் பூனை! ப்ரொப்பல்லர் ஒரு பக்கம் சுற்றினால் படகை எதிர்ப்பக்கம் முறுக்கப் பார்க்கும். படகு சாய்ந்து, பக்கவாட்டு விளிம்பு தண்ணீரில் அடித்து, எகிறி மறுபக்கம் விழும். கவனிக்காமல் விட்டால் ஆட்டம் பெரிசாகிக்கொண்டே போய், ஓட்டுகிறவரையே வெளியே வீசிவிடும்.

சரி, வைத்தியம் என்ன? பெரியவர் கரையில் படகைச் சுற்றி வந்தபடி ஒவ்வொன்றாகக் காட்டினார்.

முதலில் ஸ்டியரிங். "இன்ஜினைப் பிடிச்சு ஆட்டிப் பாரு" என்றார். ஸ்டியரிங் சும்மா இருக்க, இன்ஜின் மட்டும் ஆடினால் 'ப்ளே' இருக்கிறது என்று அர்த்தம். பழைய கேபிள் தேய்ந்திருக்கும், அல்லது இன்ஜினைத் தாங்கும் போல்ட் தளர்ந்திருக்கும். வேகப் படகுக்கு ஹைட்ராலிக் ஸ்டியரிங்தான் சரி.

அடுத்தது எடை. தூண்டில் பெட்டி, நங்கூரம், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் ஒரே பக்கம் அடைத்துவிட்டு, "படகு சாயுதே" என்று புலம்பக்கூடாது. முன்பக்கம் ரொம்பக் கனத்தால் மூக்கு தண்ணீரைக் கவ்வி, இழுத்த இழுப்புக்குப் போகும்.

பிறகு 'ட்ரிம்'. பட்டனை அழுத்தி இன்ஜினின் சாய்வை மாற்றுவது. வெளிப்பக்கம் தள்ளினால் மூக்கு எழும்பும், வேகம் கூடும். ஆசைப்பட்டு அதிகம் தள்ளினால் படகு டால்பின் மாதிரி குதிக்கும். உடனே கொஞ்சம் இறக்கவேண்டும். அலை இருந்தாலும், திரும்புவதற்கு முன்பும் இதே மருந்துதான். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு.

ப்ரொப்பல்லரும் முக்கியம். மூன்று இறக்கைக்குப் பதில் நான்கு இறக்கை போட்டால் உச்ச வேகம் கொஞ்சம் குறையலாம். ஆனால் தண்ணீரில் பிடிமானம் அதிகம். இன்ஜினை உயர்த்தி மாட்டினாலும் வேகம் கூடும். ரொம்ப உயர்த்தினால் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே போகாது. அதனால் பிரஷர் மீட்டரில் ஒரு கண் இருக்கவேண்டும்.

மிச்சம் ஓட்டுகிறவர் கையில். சாய ஆரம்பிக்கும்போதே ஸ்டியரிங்கை ஒரு நூலளவு எதிர்ப்பக்கம் தொட்டு விடவேண்டும். சாய்ந்து முடிந்த பிறகு திருப்பினால் ஆட்டத்துக்கு நாமே தாளம் போட்ட மாதிரி. புதிசாக ஓட்டுபவர்கள் வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பதே புத்திசாலித்தனம். பயந்துபோய் சட்டென்று காலை எடுத்தால் மூக்கு குத்திப் படகு பக்கவாட்டில் திரும்பிவிடும்.

இதெல்லாம் சொல்லிவிட்டுத் தன் லைஃப் ஜாக்கெட்டில் மாட்டியிருந்த சிவப்புக் கயிற்றைக் காட்டினார். மறுமுனை இன்ஜின் ஸ்விட்சில். ஓட்டுகிறவர் தூக்கியெறியப்பட்டால் கயிறு ஸ்விட்சைப் பிடுங்கி இன்ஜினை நிறுத்திவிடும். இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்துக்கொண்டு, விழுந்தவரை நோக்கியே திரும்பி வரும், சுழலும் ப்ரொப்பல்லரோடு! 26 அடிக்குக் குறைவான படகுகளில் இப்படி ஸ்விட்ச் இருந்தால், வேகமாகப் போகும்போது அதை மாட்டியே ஆகவேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்காவில் சட்டம். 'ஏப்ரல் ஒண்ணு' என்று யாரும் சிரிக்கவில்லை.

பெரிய போட்டிகளில் வழக்கமாக ஐந்து மீன்தான் கணக்கு. அவற்றைப் படகிலேயே தொட்டியில் உயிரோடு வைத்திருந்து, எடை போட்டுவிட்டு, மறுபடி ஏரியில் விட்டுவிடுகிறார்கள். இவ்வளவு ஓட்டமும் ஓடி, யாரும் குழம்பு வைப்பதில்லை!

மீன் பத்திரமாக வீடு திரும்புகிறது. ஓட்டியவரும் திரும்பவேண்டாமா? அதற்குத்தான் அந்த இரண்டு முழக் கயிறு.