ஒரே தொப்பி, வேற வேற குளம்

பிள்ளைகளை நீச்சல் கிளாஸ்ல விட்டுட்டு, கார்ல உட்கார்ந்து போனைப் பார்த்துட்டிருந்த அப்பா அம்மாக்கள்ல சிலர் ஒருநாள் தண்ணியில இறங்கினோம். எனக்கு மாஸ்டர்ஸ் நீச்சல் அப்படித்தான் அறிமுகம். அமெரிக்காவில் 18 வயசு ஆன யாரும் இதில் சேரலாம். 1970-ல் டெக்சாஸின் அமரில்லோ நகரில் முதல் தேசியப் போட்டி நடந்தது. இதற்கு வழி போட்டவர்களில் ஒருவர் ரேன்சம் ஆர்தர் என்ற கடற்படை டாக்டர். போட்டின்னு ஒண்ணு இருந்தால் பெரியவங்களும் விடாமல் நீந்துவாங்க, உடம்பு நல்லா இருக்கும் என்பது அவர் கணக்கு.

தனிநபர் போட்டியில் நியாயத்துக்குக் குறைச்சல் இல்லை. ஐந்தைந்து வயசாகப் பிரிச்சிருக்காங்க. 41 வயசு நான், 40–44 பெண்களோடதான் மோதணும். தகராறே டீம் பாயிண்ட்ல வருது.

எங்க கிளப்ல 14 பேர், ஒரே குளம். சில பகுதிகள்லயோ, பல ஊர்க் குளங்கள்ல தனித்தனியா பயிற்சி எடுக்கிறவங்க எல்லாரும் ஒரே கிளப் பேர்ல பதிவு பண்ணிக்கிறாங்க. போட்டி அன்னிக்கு எல்லார் தலையிலயும் ஒரே நிறத் தொப்பி. கோப்பை யாருக்குன்னு காலையிலேயே தெரிஞ்சுடும். தேசியப் போட்டியில் இதுக்காகவே உள்ளூர் கிளப், வட்டார கிளப்னு பிரிச்சுப் பாயிண்ட் எண்ணுறாங்க. நாங்க போற போட்டியில் அந்தப் பிரிவு இல்லை. என் 11 வயசு மகன் கேட்டான்: "அம்மா, அவங்களுக்கு ஒருத்தர் பேர் ஒருத்தருக்குத் தெரியலையே, அப்புறம் எப்படி டீம்?"

நானும் அதையேதான் சொல்லிட்டிருந்தேன். பெரிய கிளப் போன மாசம் எங்களையும் சேரக் கூப்பிட்டது. நான் கூடாதுன்னேன். எங்க லேன்ல நீந்துற 67 வயசு ஓய்வுபெற்ற டீச்சர், சேரணும்னாங்க.

அவங்க காரணம் ரிலே. ரிலேயில் நாலு பேரும் ஒரே கிளப்பா இருக்கணும். கிளப் இல்லாதவங்களுக்கு ரிலேயே கிடையாது. கெஜக் குளத்தில் நடக்கிற போட்டியில், நாலு பேரில் யார் வயசு குறைவோ அதை வெச்சுத்தான் ரிலேயின் வயசுப் பிரிவு. எங்க நாலு பேருக்கு 41, 48, 52, 67 வயசு. என்னால் டீம் 35-க்கு மேற்பட்டோர் பிரிவுக்குப் போயிடுது. பாவம், டீச்சர் 35 வயசுக்காரிகளோட நீந்தணும்! மீட்டர் குளத்தில் நாலு வயசையும் கூட்டுவாங்க. 208 வருது, அதனால 200–239 பிரிவு. அங்கே அவங்க வயசு எங்களுக்குப் பலம். ஆனா பக்கத்துல நடக்கிற போட்டி எல்லாம் கெஜக் குளத்துலதான்.

பெரிய கிளப்ல சேர்ந்தா 65 தாண்டின நாலு பெண்கள் கிடைப்பாங்க. பக்கத்து ஊர்ல தனியா நீந்துறவங்களும் அதுல வரலாம். "எனக்கு உன் கோப்பை வேண்டாம், என் வயசுல மூணு பேர் போதும்"னாங்க. அதுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரலை.

கோப்பை விஷயத்தில் என் கருத்து இன்னும் மாறலை. பத்துக் குளத்து ஆளுங்க ஒரு பெயரில் வந்து 14 பேரை ஜெயிக்கிறதில் என்ன பெருமை? ஆனா ரிலேக்கு ஆள் சேர்க்கிறதும் கோப்பைக்குப் பாயிண்ட் சேர்க்கிறதும் ஒரே விஷயமா இருக்கணும்னு அவசியம் இல்லையே. ரிலேயை யாரோடயும் நீந்தட்டும். பாயிண்டை மட்டும் அவங்கவங்க பயிற்சி எடுக்கிற குளத்தின் பேர்ல எழுதலாம். ரெண்டு குளத்து ஆளுங்க கலந்த ரிலேன்னா, பாயிண்டை நாலாப் பிரிச்சுக்கலாம். கணக்கு எழுதுறவருக்கு அரை மணி நேரம் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

இதை எழுதி, நானும் டீச்சரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, போட்டி நடத்துறவங்களுக்கு அனுப்பியிருக்கோம். வியாழக்கிழமை எங்க கிளப்ல ஓட்டு. அதுக்குள்ள பதில் வரலைன்னா டீச்சர் சேரணும்னு கை தூக்குவாங்க, நான் தூக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை காலை 5.30-க்கு வழக்கம்போல ஒரே லேன்தான்.